மரபணு மரமும் மொழி மரமும்: மதுரை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஒப்பீட்டு வரலாறு

உயிரினங்கள், மரபணுக்கள், மொழிகள் ஆகியவற்றின் உறவுமுறையைக் கிளைவிடும் மரமாக வரைந்து காட்டும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றியது. ஒரே மக்கள் கூட்டத்தைப் பற்றி இரண்டு வெவ்வேறு மரங்கள் வரையப்பட்டு, அவை ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும்போது என்ன செய்வது என்ற கேள்வி அதற்கு வெகுநாள் கழித்தே கணக்காக உருவெடுத்தது. இரு மரங்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை அளப்பதற்கும், அந்த வேறுபாடு எப்படி வந்தது என்று விளக்கி இரண்டையும் இணக்குவதற்கும் 1970களிலிருந்து பல படிமுறைகள் உருவாயின. மதுரையும் அதைச் சூழ்ந்த சமவெளியும் இந்த வரலாற்றில் இரண்டு வகையில் இடம்பெறுகின்றன. தென்னிந்திய மக்களின் மரபணு மரத்தை வரைந்த முக்கியமான ஆய்வுக்கூடங்களில் ஒன்று இங்கே இருந்தது. ஒரே தெருவில் திராவிட மொழியும் இந்தோ-ஆரிய மொழியும் பேசும் மக்கள் தலைமுறைகளாக வாழும் ஊரும் இதுவே.

மொழி மரத்தின் தொடக்கம்

தென்னிந்திய மொழிகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதைச் சான்றுகளோடு முதலில் அச்சில் எழுதியவர் சென்னையில் கலெக்டராக இருந்த எஃப். டபிள்யூ. எல்லிஸ். 1816இல் வெளிவந்த ஏ. டி. கேம்பலின் தெலுங்கு இலக்கண நூலுக்கு அவர் எழுதிய முன்குறிப்பில் இந்த வாதம் உள்ளது. 1819இல் அவர் ராமநாதபுரத்தில் இறந்தார். அச்சேறாத அவருடைய தாள்கள் பின்னர் மதுரையில் ஒரு வெள்ளை அதிகாரியின் வீட்டில் கிடந்து, சமையலறையில் அடுப்பு மூட்டவும் கோழி வாட்டவும் பயன்பட்டன என்று ஒரு பதிவு உண்டு. திராவிட மொழி ஆய்வின் முதல் ஆவணங்களில் எவ்வளவு அந்த அடுப்பில் போயிற்று என்பதை இனி யாரும் அளக்க முடியாது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1856இல், கால்டுவெல் தம்முடைய ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். எல்லிஸின் பெயர் மங்கியது.

கால்டுவெல்லின் காலத்தில்தான் ஜெர்மனியில் ஆகஸ்ட் ஷ்லைகர் இந்தோ-ஐரோப்பிய மொழிகளை மரமாக வரையத் தொடங்கினார். 1859இல் வெளிவந்த டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் இருக்கும் ஒரே வரைபடமும் கிளைவிடும் மரம்தான். மனித குலத்தின் முழு வம்சாவளி நமக்குக் கிடைத்தால் உலக மொழிகளை வகைப்படுத்த அதுவே சிறந்த வழியாக இருக்கும் என்று அதே நூலில் டார்வின் கருத்துத் தெரிவித்திருக்கிறார். இரத்த உறவின் மரமும் பேச்சின் மரமும் ஒன்றாகவே இருக்கும் என்ற எதிர்பார்ப்பு அங்கே தொடங்குகிறது. அடுத்த நூறாண்டுகளுக்கு 'இனம்' என்ற சொல்லும் 'மொழிக்குடும்பம்' என்ற சொல்லும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று புழங்கியதற்கு இந்த எதிர்பார்ப்பும் ஒரு காரணம். அதன் விளைவுகளைத் தமிழ்நாட்டு அரசியலும் இலங்கை அரசியலும் நன்றாகவே அறியும்.

இரு மரங்கள் பக்கம் பக்கமாக

எதிர்பார்ப்பைச் சோதிக்க இரண்டு மரங்களும் கையில் வேண்டும். மரபணு மரம் 1960களில்தான் கைக்கு வந்தது. இரத்த வகைகளின் விகிதங்களைக் கொண்டு மக்கள் கூட்டங்களுக்கு மரம் வரையும் முறையை லூகி காவல்லி-ஸ்ஃபோர்சாவும் ஆந்தனி எட்வர்ட்ஸும் அப்போது உருவாக்கினர். 1988இல் காவல்லி-ஸ்ஃபோர்சாவும் மூன்று சக ஆய்வாளர்களும் உலகின் 42 மக்கள் கூட்டங்களின் மரபணு மரத்தை இடப்பக்கமும் அவர்கள் பேசும் மொழிகளின் குடும்பங்களை வலப்பக்கமும் வரைந்து ஒரு படம் வெளியிட்டனர். அந்தப் படம் பாடநூல்களில் எல்லாம் ஏறியது. மேலோட்டமாகப் பார்த்தால் பொருத்தம் நன்றாகவே தெரிந்தது. ஆனால் திராவிட மொழி பேசுவோர் இருந்த வரியில் பொருத்தம் உடைந்தது. தென்னிந்தியர் மரபணு மரத்தில் இந்தோ-ஐரோப்பிய மொழி பேசும் பிற இந்தியருக்கும் ஈரானியருக்கும் அருகில் நின்றனர். மொழியிலோ அவர்கள் தனிக் குடும்பம்.

'நன்றாகப் பொருந்துகிறது' என்று கண்ணால் பார்த்துச் சொல்வது அறிவியல் ஆகாது என்று எதிர்ப்பு உடனே கிளம்பியது. 1990இல் ரிச்சர்ட் பேட்மனும் உடன் எழுதியவர்களும் இரு மரங்களுக்கும் உள்ள ஒற்றுமை மிகைப்படுத்தப்பட்டது என்று வாதிட்டனர். 1993இல் நியூசிலாந்தைச் சேர்ந்த டேவிட் பென்னி, வாட்சன், மைக் ஸ்டீல் ஆகிய மூவர் இரு மரங்களுக்கும் இடையிலான தூரத்தைக் கணக்கிட்டு, இந்த அளவு ஒற்றுமை தற்செயலாக அமையும் வாய்ப்பு மிகக் குறைவு என்று காட்டினர். இரு தரப்பும் சொன்னதில் உண்மை உண்டு என்றே இப்போது தோன்றுகிறது. மொத்தத்தில் ஒற்றுமை இருப்பதும், குறிப்பிட்ட கிளையில் அது உடைவதும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவை. தென்னிந்தியாவைப் பற்றி அறிய விரும்புவோருக்கு உடைந்த கிளைதான் முக்கியம்.

தூரத்தை அளப்பது எப்படி?

இரு மரங்களுக்கு இடையிலான தூரத்தை அளக்க இன்று பரவலாகக் கையாளப்படும் முறையை 1981இல் நியூசிலாந்தின் டேவிட் ராபின்சன், லெஸ்லி ஃபோல்ட்ஸ் இருவரும் வெளியிட்டனர். (ஆடு மேய்க்கும் அந்தச் சின்ன நாட்டிலிருந்து மரக்கணக்கில் இத்தனை பெயர்கள் வருவது வியப்புக்குரியது; பென்னி, ஸ்டீல், பின்னால் வரும் ராடெரிக் பேஜ் எல்லோரும் அந்த மண்ணோடு தொடர்புடையவர்கள்.) அந்த முறையின் அடிப்படை எளிது. மரத்தின் உட்கிளை ஒன்றை வெட்டினால் இலைகள் இரண்டு கூறுகளாகப் பிரியும். ஒவ்வோர் உட்கிளைக்கும் இப்படி ஒரு பிரிவு உண்டு. ஒரு மரத்தில் இருந்து மற்றதில் இல்லாத பிரிவுகளையும், மற்றதில் இருந்து இதில் இல்லாத பிரிவுகளையும் எண்ணிக் கூட்டினால் கிடைப்பது ராபின்சன்-ஃபோல்ட்ஸ் தூரம். 1985இல் வில்லியம் டே இதை இலைகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமான நேரத்திலேயே கணக்கிடும் படிமுறையைத் தந்தார். ஆயிரம் இலைகள் உள்ள மரங்களைக்கூட நொடியில் ஒப்பிட அது வழி செய்தது.

ஐந்து இலைகளோடு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, சௌராஷ்டிரம் ஆகியவை இலைகள். மொழி மரத்தில் தமிழும் மலையாளமும் நெருங்கிய உடன்பிறப்புகள். அவற்றோடு அடுத்து கன்னடம் சேரும். தெலுங்கு சற்று விலகிய கிளை. சௌராஷ்டிரம் இந்தோ-ஆரிய மொழி என்பதால் முற்றிலும் வெளியே நிற்கும். இதில் இரண்டு உட்பிரிவுகள் உண்டு. ஒன்று, தமிழும் மலையாளமும் ஒரு பக்கம், மற்ற மூன்றும் மறுபக்கம். இரண்டாவது, தமிழ், மலையாளம், கன்னடம் ஒரு பக்கம், தெலுங்கும் சௌராஷ்டிரமும் மறுபக்கம்.

இப்போது இம்மொழிகளைப் பேசும் மக்களுக்கு ஒரு மரம் இருப்பதாகக் கற்பனை செய்வோம். இது விளக்கத்துக்காக வரையும் மரமே தவிர எந்த ஆய்வின் முடிவும் அல்ல. நூற்றாண்டுகளாக மதுரையில் கலந்து வாழ்ந்ததால் சௌராஷ்டிரம் பேசுவோர் தமிழ் பேசுவோருக்கு அருகில் வந்துவிட்டனர் என்று கொள்வோம். அப்போது முதல் பிரிவு, தமிழும் சௌராஷ்டிரமும் ஒரு பக்கம், மற்ற மூன்றும் மறுபக்கம். இரண்டாவது பிரிவு, தமிழ், சௌராஷ்டிரம், மலையாளம் ஒரு பக்கம், கன்னடமும் தெலுங்கும் மறுபக்கம்.

மொழி மரத்தின் இரண்டு பிரிவுகளில் ஒன்றுகூட மக்கள் மரத்தில் இல்லை. மக்கள் மரத்தின் இரண்டும் மொழி மரத்தில் இல்லை. தூரம் 4. ஐந்து இலை மரங்களுக்கு இதைவிடப் பெரிய தூரமே கிடையாது. அதாவது இவ்விரு மரங்களும் முழுக்க முழுக்க வேறுபட்டவை என்று கணக்கு சொல்கிறது.

சௌராஷ்டிரம் என்ற ஒரே ஓர் இலையை மட்டும் இரு மரங்களிலிருந்தும் கிள்ளி எடுத்துவிட்டுப் பாருங்கள். மொழி மரத்தில் மிஞ்சுவது தமிழ்-மலையாளம் ஒரு பக்கம், கன்னடம்-தெலுங்கு மறுபக்கம். மக்கள் மரத்தில் மிஞ்சுவதும் அச்சாக அதுவே. நான்கு இலைகளில் முழு உடன்பாடு. ஓர் இலை இடம் மாறியதால் மட்டும் தூரம் உச்சத்துக்குப் போயிருக்கிறது.

ராபின்சன்-ஃபோல்ட்ஸ் அளவின் பெரிய குறை இது. வேறுபாட்டின் அளவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. இதற்கு மாற்றாக 1985இல் ஃபிண்டன், கார்டன் இருவரும் முன்வைத்த அணுகுமுறை நாம் செய்ததைத்தான் செய்கிறது: எத்தனை குறைந்த இலைகளைக் கிள்ளினால் இரு மரங்களும் ஒன்றாகும் என்று தேடுவது. மிஞ்சும் மரத்துக்கு மீப்பெரு உடன்பாட்டு உபமரம் என்று பெயர். இரண்டு மரங்களுக்கு இதை நியாயமான நேரத்தில் கண்டுபிடிக்கும் படிமுறைகள் உள்ளன. கிள்ளப்பட்ட இலைகளின் பட்டியல்தான் வரலாற்று ஆய்வாளருக்குக் கிடைக்கும் பரிசு. யார் இடம்பெயர்ந்தார்கள், யார் மொழி மாறினார்கள் என்ற கேள்வியை எங்கே கேட்க வேண்டும் என்று அது சுட்டிக்காட்டுகிறது.

மூன்றாவது வழி, கிளையை வெட்டி வேறோர் இடத்தில் ஒட்டுவது. மாமரத்தில் ஒட்டுக்கட்டுவதைப் போல, எத்தனை முறை வெட்டி ஒட்டினால் முதல் மரம் இரண்டாவது மரமாக மாறும் என்று எண்ணுவது. நமது எடுத்துக்காட்டில் விடை ஒன்று. கேட்பதற்கு இயல்பாக இருக்கும் இந்தக் கணக்கு உண்மையில் மிகக் கடினமானது. வேருள்ள மரங்களுக்கு இதைக் கணக்கிடுவது, விரைவான படிமுறை இருப்பதாக இன்றுவரை யாரும் காட்டாத கடினக் கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று 2005இல் போர்டவிச், செம்பிள் இருவரும் நிறுவினர்.

இணக்கம்: பத்திரமும் வம்சமும்

தூரத்தை அளப்பது ஒன்று. இரு மரங்களும் ஏன் வேறுபடுகின்றன என்று கதை சொல்லி இணக்குவது வேறு. இரண்டாவதற்கு அடித்தளமிட்டவர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பணியாற்றிய மோரிஸ் குட்மேன். 1979இல் அவரும் உடன் உழைத்தவர்களும் ஹீமோகுளோபின் குடும்பத்துப் புரதங்களை எடுத்துக்கொண்டனர். மனிதனின் ஆல்ஃபா சங்கிலி மனிதனின் பீட்டா சங்கிலியைவிடக் குதிரையின் ஆல்ஃபா சங்கிலிக்கே நெருக்கமானது. காரணம், மனிதனும் குதிரையும் பிரிவதற்கு வெகுகாலம் முன்பே அந்த மரபணு இரட்டித்துவிட்டது.

நம் ஊர்ப் பாகப்பிரிவினையோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். ஒரு பாட்டனாருக்கு ஒரே நிலம். அவர் காலத்திலேயே அது மேலவயல், கீழவயல் என இரண்டு சர்வே எண்களாக உட்பிரிவாகிறது. மூன்று பிள்ளைகளுக்கும் இரண்டிலும் பங்கு. பின்னர் மூத்தவன் வகையறா கீழவயல் பங்கை விற்கிறது. நடுவுள்ளவன் வகையறா மேலவயல் பங்கை விற்கிறது. இளையவன் வகையறாவும் கீழவயலை விற்று மேலவயலை மட்டும் வைத்துக்கொள்கிறது. நூறு வருடம் கழித்துப் பத்திரங்களை மட்டும் பார்ப்பவர், மூத்தவரும் இளையவரும் ஒரு கிளை, நடுவுள்ளவர் வேறு கிளை என்றுதான் எழுதுவார். வம்சத்தில் அப்படி ஒரு கிளை இல்லவே இல்லை. உட்பிரிவு ஒன்று, விற்பனை மூன்று என்று கணக்கெழுதினால் பத்திரமும் வம்சமும் இணங்கிவிடும்.

குட்மேனின் படிமுறை இதைத்தான் செய்கிறது. மரபணு மரத்தின் ஒவ்வொரு கணுவையும், அதன் கீழுள்ள எல்லா உயிரினங்களுக்கும் பொதுவான மிக அண்மை மூதாதை இருக்கும் உயிரின மரக் கணுவோடு பொருத்துகிறது. ஒரு கணுவும் அதன் பிள்ளைக் கணுவும் ஒரே இடத்தில் பொருந்தினால் அங்கே இரட்டிப்பு நடந்திருக்க வேண்டும். பின்னர் இழப்புகள் எண்ணப்படுகின்றன. 1994இல் ராடெரிக் பேஜ் இதே கணக்கை ஒட்டுண்ணிக்கும் அதன் விருந்தோம்பிக்கும், உயிரினத்துக்கும் அது வாழும் நிலப்பகுதிக்கும் விரித்தார். மூன்றும் ஒரே கணக்கின் மூன்று உருவங்கள் என்று அவர் காட்டியது இத்துறையின் பெரிய திருப்பம். மரபணுவைக் கிடைமட்டமாக, அதாவது ஒரு வம்சத்திலிருந்து உறவில்லாத இன்னொரு வம்சத்துக்குக் கடத்துவதையும் சேர்த்து விரைவாக இணக்கும் மென்பொருளை 2012இல் முகுல் பன்சல், எரிக் ஆல்ம், மனோலிஸ் கெல்லிஸ் ஆகியோர் வெளியிட்டனர். மொழியில் இதற்கு நிகர் கடன்சொல். சௌராஷ்டிர மொழியில் குஜராத்தி, மராத்தி உறவுக்கு மேல் தெலுங்கும் தமிழும் அடுக்கடுக்காகப் படிந்திருப்பதை ஒரே மரத்தில் எழுத முடியாது.

இரட்டிப்போ கடத்தலோ இல்லாமலும் மரங்கள் முரண்படலாம். பிரியும் மக்கள் கூட்டத்துக்குள் ஏற்கெனவே பல மரபணு வரிசைகள் உலவிக்கொண்டிருந்தால், எந்த வரிசை எந்தக் கிளையில் தங்கும் என்பது சீட்டுக் குலுக்கல் போலத்தான். 1980களில் கிங்மன் தந்த இணைவுக் கோட்பாடும், பமிலோ, நெய் இருவரின் 1988ஆம் ஆண்டுக் கட்டுரையும் இதைக் கணக்காக்கின. ஒரே இனத்துக்குள், சில ஆயிரம் ஆண்டுக் கால எல்லைக்குள் மனிதர்களை ஆராயும்போது இந்தக் காரணம்தான் பெரும்பாலும் முன்னுக்கு வருகிறது.

மதுரையில் வரைந்த மரம்

1966இல் தொடங்கி 1978இல் காமராசர் பெயரைப் பெற்ற மதுரைப் பல்கலைக்கழகத்தில் நோய்த்தடுப்பியல் பேராசிரியராக இருந்தவர் இராமசாமி பிச்சப்பன். காசநோயும் தொழுநோயும் சிலரை மட்டும் தாக்குவதேன் என்ற மருத்துவக் கேள்வியிலிருந்து அவருடைய ஆய்வு தொடங்கியது. விடை தேட வெள்ளணுக்களின் எச்.எல்.ஏ. வகைகளைச் சமூகவாரியாகப் பட்டியலிட வேண்டியிருந்தது. 1984 முதல் தமிழ்நாட்டுச் சமூகங்களின் எச்.எல்.ஏ. தரவுகள் வெளிவந்தன. நோயைத் தேடிப் போன இடத்தில் மக்கள் வரலாறு கிடைத்தது என்று சொல்லலாம். அகமண வழக்கம் வலுவாக இருக்கும் சமவெளியில், பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வாழும் சமூகங்களுக்கிடையே அளவிடத்தக்க மரபணு வேறுபாடு இருந்தது.

2001இல் ஸ்பென்சர் வெல்ஸ் தலைமையில் வெளிவந்த கட்டுரை 49 யூரேசிய மக்கள் கூட்டங்களைச் சேர்ந்த 1,935 ஆண்களின் ஒய் குரோமோசோம்களை 23 அடையாளங்களைக் கொண்டு ஒப்பிட்டது. பிச்சப்பன் அதன் இணை ஆசிரியர்களில் ஒருவர். மதுரை வட்டாரத்திலிருந்து கள்ளர், யாதவர், சௌராஷ்டிரர் மாதிரிகள் அதில் இடம்பெற்றன. இந்த ஆய்வுத் தொடரில்தான் மதுரைக்கு மேற்கே ஜோதிமாணிக்கம் என்ற சிற்றூரில் எம்130 என்ற அடையாளம் கவனத்துக்கு வந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் இதே அடையாளம் உண்டு என்பதால், ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த தொல்பயணத்தின் தடயம் என்று அது விளக்கப்பட்டது. வெல்ஸின் 'மனிதனின் பயணம்' ஆவணப்படம் அந்தக் கிராமத்தை உலகுக்குக் காட்டியது.

செய்தித்தாள்கள் உடனே 'இந்தியாவின் முதல் மனிதனின் வாரிசு' என்று எழுதின. இந்தத் தவறு இன்றும் இணையத்தில் உலவுகிறது. எம்130 என்பது மரத்தின் ஒரு கிளைக்கு அடையாளம். அந்தக் கிளையின் இலைகளும் மற்றக் கிளைகளின் இலைகளும் வேரிலிருந்து ஒரே கால தூரத்தில்தான் நிற்கின்றன. இன்று உயிரோடு இருக்கும் யாரும் மற்றொருவரைவிடப் பழையவர் அல்லர். இரண்டாவது, ஒய் குரோமோசோம் தந்தைவழி ஒற்றைக் கோடு மட்டுமே. பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. ஒய் குரோமோசோம் அவர்களில் ஒரே ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ. இன்னொருவரைப் பற்றிப் பேசுகிறது. மீதி 1,022 இடங்களைப் பற்றி இரண்டுமே வாய் திறப்பதில்லை. ஒரு சமூகம் முழுவதற்கும் இந்த ஒற்றைக் கோட்டை வைத்துத் தொன்மைப் பட்டம் கட்டுவதும், அதே கோட்டை வைத்து இன்னொரு சமூகத்தை வந்தேறி என்பதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள்.

இந்தக் காலத்தில் ஒய் குரோமோசோம் மரத்துக்கே ஏழு வெவ்வேறு பெயரிடும் முறைகள் உலகில் இருந்தன. ஒரு குழுவின் கட்டுரையை வேறொரு குழு படித்துப் பொருத்திப் பார்க்க முடியாத நிலை. 2002இல் ஒய் குரோமோசோம் கூட்டமைப்பு அவற்றையெல்லாம் ஒப்பிட்டு 153 குழுக்கள் கொண்ட ஒரே மரமாக்கியது. 2008இல் அது 311 குழுக்களாக வளர்ந்தது. பெயர்களும் மாறின. இந்தியாவில் காணப்படும் எம்356 கிளை முதலில் சி5 என்று அழைக்கப்பட்டது. பின்னர் சி1பி என்ற கிளைக்குக் கீழே போனது. பழைய கட்டுரைகளைப் படிக்கும் மாணவர்கள் எழுத்துக்குறியை நம்பாமல் 'எம்' எண்ணைப் பிடித்துக்கொள்வது நல்லது.

2005இல் நேஷனல் ஜியாகிராபிக் நிறுவனமும் ஐ.பி.எம். நிறுவனமும் தொடங்கிய ஜீனோகிராபிக் திட்டத்தின் இந்திய மையம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. அதன் முக்கிய விளைச்சல் 2012இல் வந்த கட்டுரை. தமிழ்நாட்டின் 12 பழங்குடிகளையும் 19 பிற சமூகங்களையும் சேர்ந்த 1,680 ஒய் குரோமோசோம்கள் அதில் ஆராயப்பட்டன. மக்களைச் சாதி அடுக்கின்படி பிரிக்காமல், மலைவாழ் உணவு சேகரிப்போர், வறள்நில உழவர் என்பன போலப் பிழைப்பு முறையின்படி பிரித்துப் பார்த்தனர். தந்தைவழி வேறுபாடுகள் 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே நிலைபெற்றுவிட்டன, கடந்த 3,000 ஆண்டுகளில் கலப்பு குறைவு, வேறுபாட்டுக்கு வேளாண்மையின் பரவலே சிறந்த விளக்கம் என்பன முடிவுகள்.

இரண்டு தேதிகளும் ஒரு முரணும்

2018இல் விஷ்ணுபிரியா கோலிபாகமும் உடன் உழைத்தவர்களும் திராவிட மொழிக் குடும்பத்துக்குக் கணினி மரம் வரைந்தனர். தமிழ், தெலுங்கு போன்ற பெருமொழிகளோடு தோடா, கோத்தா, படகு, குறுக்கு, பிராகுயி உட்பட 20 மொழிகள். நூறு அடிப்படைப் பொருள்களுக்கான சொற்கள் தாய்மொழியாளரிடமிருந்து நேரடியாகப் பதியப்பட்டன. வேருள்ள 20 இலை மரங்கள் எத்தனை சாத்தியம் தெரியுமா? எட்டுக் கோடி கோடி கோடிக்கும் மேல். எல்லாவற்றையும் சரிபார்க்க எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. ஆகவே நிகழ்தகவின்படி நல்ல மரங்கள் இருக்கும் பகுதியில் உலாவி மாதிரி எடுக்கும் பேயிசிய முறை கையாளப்பட்டது. குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் என்று விடை வந்தது. வடக்கு, நடு, தெற்கு-1, தெற்கு-2 என்ற பழைய பிரிவுகள் துலங்கின. அவை ஒன்றோடொன்று எந்த வரிசையில் பிரிந்தன என்பது உறுதிப்படவில்லை.

மரபணுவில் 4,000-6,000, மொழியில் 4,500. இரண்டும் ஒத்துப்போகின்றன என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக் கூடாது. தேதி பொருந்துவதும் மரம் பொருந்துவதும் வேறு வேறு. ஒரே ஆண்டில் நடந்த இரண்டு பாகப்பிரிவினைகள் ஒரே குடும்பத்தினுடையவை என்று யாரும் சொல்வதில்லை. தவிர, 2012ஆம் ஆண்டு மரத்தின் இலைகள் தமிழ்நாட்டுச் சமூகங்கள். 2018ஆம் ஆண்டு மரத்தில் தமிழ் என்பது ஒரே ஓர் இலை. இலைகளே பொதுவாக இல்லாத மரங்களுக்கு ராபின்சன்-ஃபோல்ட்ஸ் தூரமும் கிடையாது, உடன்பாட்டு உபமரமும் கிடையாது.

உண்மையான முரண் வேறிடத்தில் இருக்கிறது. 2009இல் டேவிட் ரைக், குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் உள்ளிட்டோர் முழு மரபணுத் தொகுதியை ஆராய்ந்து, ஏறத்தாழ எல்லா இந்தியக் கூட்டங்களும் இரு தொல்மக்களின் வெவ்வேறு அளவிலான கலவை என்றனர். 2013இல் பிரியா மூர்ஜானியும் இதே குழுவினரும் அந்தக் கலப்பு 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை நடந்து, பின்னர் அகமணத்தால் நின்றது என்றனர். ஒய் குரோமோசோம் ஆய்வு 3,000 ஆண்டுகளுக்கு முன்பே ஓய்ந்தது என்று சொன்ன கலப்பு, முழுத் தொகுதியில் மேலும் ஆயிரம் ஆண்டுகள் தொடர்கிறது. ஆண்கள் தங்கி, பெண்கள் மணமுடித்துப் போகும் சமூகத்தில் தந்தைவழி மரம் அசையாமலிருக்க மற்றவை கலந்துகொண்டே இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். மேலும், 2012ஆம் ஆண்டுக் கட்டுரை இந்திய மண்ணுக்குரியதாக எண்ணிய ஆர்1ஏ வரிசையை, 2019இல் வாகீஷ் நரசிம்மன் முதன்மை ஆசிரியராக எழுதிய தொல் டி.என்.ஏ. ஆய்வு மத்திய யூரேசியப் புல்வெளி மக்களோடு இணைத்தது. எது உள்ளூர், எது வெளியூர் என்ற கூட்டல் கணக்கு அதனால் மாறுகிறது.

கலப்பு ஒப்புக்கொள்ளப்பட்டதும் மரம் என்ற வடிவமே போதாமல் போயிற்று. கிளைகள் பிரிவதோடு மீண்டும் சேரவும் செய்யும் வலைப்படங்கள் வந்தன. 2012இல் பிக்ரல், பிரிட்சர்ட் இருவரும் வெளியிட்ட டிரீமிக்ஸ் மென்பொருள் முதலில் ஒரு மரத்தை வரைந்து, பொருந்தாத மிச்சத்துக்குக் கலப்பு அம்புகளைச் சேர்க்கிறது. மொழியியலில் டேண்டி வார்னோ, டான் ரிஞ்ச், லுவே நக்லே ஆகியோர் 2005இல் இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்கு இத்தகைய வலையை வரைந்தனர். ஆனால் அம்புகளைச் சேர்த்துக்கொண்டே போனால் எந்த இரு மரத்தையும் இணக்கிவிடலாம். எங்கே நிறுத்துவது என்பதை மென்பொருள் முடிவு செய்து தராது.

இதுவரை பேசிய மரங்கள் எல்லாம் இன்று வாழ்வோரை இலைகளாகக் கொண்டவை. பழைய கணுக்கள் ஊகிக்கப்பட்டவை. மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் 2015இல் அகழாய்வு தொடங்கியபின், அதன் அருகிலுள்ள கொந்தகை ஈமக்காட்டு முதுமக்கள் தாழிகளிலிருந்து மனித எலும்புகள் கிடைத்துள்ளன. அவற்றிலிருந்து தொல் டி.என்.ஏ. எடுக்கும் பணியில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஈடுபட்டுள்ளது. வெப்பமும் ஈரமும் மாறி மாறி வரும் இந்த மண்ணில் டி.என்.ஏ. விரைவில் சிதையும் என்பதால் வேலை மெதுவாகவே நடக்கிறது. ஒரு தாழியின் எலும்பு படிக்கத்தக்க அளவுக்கு விடை தந்தால், அது தன் காலத்திலேயே நின்றுவிட்ட இலையாக மரத்தில் சேரும். இன்றைய மக்களிடமிருந்து பின்னோக்கி ஊகித்த கணுக்களின் காலத்தை அதை வைத்துச் சரிபார்க்க இயலும். அந்தத் தாழியில் கிடந்தவர் என்ன மொழி பேசினார் என்பதை எலும்பு சொல்லாது. கீழடிப் பானையோடுகளில் கீறப்பட்ட தமிழிப் பெயர்களோடு சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டியிருக்கும்.